ஐரோப்பாவுக்கு வீடு வீடாகச் சொன்னவள்

என் மனைவி றோசலின் இரண்டு நாட்கள் மால்டா நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்தவள். இதை நான் சொன்னால் டண்டினொங் சந்தையில் மீன் வாங்க வரும் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஐரோப்பாவின் இருபத்தேழு நாடுகளையும் ஒரே தாளுக்குத் தலையாட்டச் செய்தவர் அவர்களில் யாராவது இருந்தால் முதலில் அவர் வந்து என்னோடு பேசட்டும், பிறகு சிரிக்கலாம்.

மற்ற நாட்களில் அவள் டண்டினொங்கில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். மன்னாரில் பிறந்து, பேராதனையில் வரலாறு படித்து, என்னைக் கட்டி, மெல்பேர்னுக்கு வந்தவள். நான் பொனிபஸ். ஒரு பண்டகசாலையில் சாமான் ஏற்றி இறக்குவதை மேற்பார்வை செய்கிறேன். எங்களுக்கு றம்யா என்று ஒரே மகள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. றோசலினிடம் ஒரு குணம் உண்டு. ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை விடமாட்டாள். பல்லைப் பிடுங்காமல் நழுவப் பார்க்கும் நோயாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கட்டிய நாளிலிருந்து எனக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு விழுந்தது. வன்னியில் கடலோரமாக ஒரு துண்டு நிலத்துக்குள் சனம் அடைபட்டுக் கிடந்த மாதங்கள் அவை. றோசலினின் தங்கை ஸ்ரெல்லா அதற்குள் இருந்தாள். வேலை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் நகரத்துக்குப் போய்ப் பாராளுமன்றப் படிகளுக்கு முன்னால் நின்றோம். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். றோசலினும் கத்தினாள். ஆனால் அவள் வீட்டுக்கு வந்து குசினி மேசையில் இருந்து ஐரோப்பியத் தூதரகங்கள் ஒவ்வொன்றுக்கும் கடிதமும் எழுதினாள். பதில்கள் வந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு முத்திரை, வேறு தாள். உள்ளே இருந்தது மட்டும் ஒரே வசனம்: நிலைமை குறித்து ஆழ்ந்த கவலை கொண்டுள்ளோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் குப்பைக்குள் போடப் போனேன். அவள் விடவில்லை. மேசை நிறையப் பரப்பிவைத்து விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இஞ்ச பாருங்கோ. இவ்வளவு நாடு, ஒரே வசனம். இதை எங்கையோ ஒரு மேசையில இருந்து ஆரோ எழுதியிருக்கினம். ஆர், எப்பிடி எழுதினவை எண்டு எனக்குத் தெரியவேணும்."

ஸ்ரெல்லா தப்பினாள். காலில் காயத்தோடு அவளைச் செஞ்சிலுவைச் சங்கத்துக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். தொலைபேசியில் அவளுடைய குரலைக் கேட்ட அன்று நான் குழந்தைப் பிள்ளை போல அழுதேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம். றோசலினும் அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்து அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"கவலை ஒண்டும் அவளை ஏத்திக்கொண்டு வரேல்லை. கப்பல்தான் வந்தது."

அடுத்த வருஷம் அவள் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்தாள். மாலை வகுப்பு. எங்கள் ஆட்கள் கணக்கியல் படிப்பார்கள், தாதிமை படிப்பார்கள், கம்பியூட்டர் படிப்பார்கள். ஐரோப்பாவைப் படிக்க யாரும் போனதாக நான் கேள்விப்படவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது தேவராஜா அங்கிள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஐரோப்பாவைப் படித்து அவுஸ்திரேலியாவில் என்ன வேலை எடுக்கலாம் என்று கேட்டார். அவள் வேலை எடுக்கப் போகவில்லை, ஒரு வசனத்தை எழுதின ஆளைப் பிடிக்கப் போகிறாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வானிலையைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில்தான் அவள் தேடிப் போன பாடம் வந்தது. மாறிவரும் உலக ஒழுங்கில் ஐரோப்பியப் பாதுகாப்பும் வெளியுறவுக் கொள்கையும். பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். படிப்பித்தவர் கலாநிதி ஓர்லா என்ற ஐரிஷ்காரி. வகுப்பில் கேட்டதையெல்லாம் றோசலின் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து எனக்குத் திருப்பிச் சொல்வாள். அமெரிக்கா களைத்துப்போய்விட்டது, சீனா எழும்பி வருகிறது, எரிவாயுக் குழாயின் திருகு ரஷ்யாவின் கையில் இருக்கிறது. ஐரோப்பாவிடம் காசும் கப்பலும் இருக்கின்றன. ஆனால் வெளியுறவு என்று வந்தால் இருபத்தேழு நாடும் ஓம் என்றால்தான் ஓம். ஒரு நாடு மாட்டேன் என்றாலும் எல்லாம் நின்றுவிடும். அப்போது ஒருவருக்கும் நோகாத ஒரு சின்ன வசனத்தை மட்டும் வெளியே விடுவார்கள்.

ஆக, அந்த வசனத்தை எழுதின ஆள் என்று ஒருவரும் இல்லை. எழுத நினைத்ததையெல்லாம் ஆளாளுக்கு வெட்டிய பிறகு மிஞ்சுவதுதான் அது. பதில் கிடைத்துவிட்டதே, இனி நிம்மதியாகத் தூங்கலாமே என்றேன். இனித்தான் கேள்வியே இருக்கிறது என்றாள். வெட்டுப்படாமல் ஒரு வசனத்தை அந்த மேசையைத் தாண்டிக் கொண்டுவர முடியுமா? ஆய்வேடு எழுதினால் அதைப் பற்றித்தான் எழுதுவேன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஆய்வேடு எழுத விடவேண்டுமே. அந்தப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவர்களுக்குத்தான் அனுமதி. றோசலின் எழுதின முதல் கட்டுரைக்குக் கிடைத்தது மட்டமான புள்ளி. கோபம் நியாயமானது, ஆனால் இது கட்டுரை அல்ல, முறைப்பாடு என்று ஓர்லா கீழே எழுதியிருந்தார். அன்று றோசலின் சாப்பிடவில்லை. எனக்கு ஓர்லாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அந்த மனுசி சொன்னது சரிதான் என்று றோசலினே சொன்னாள்.

மிச்சமிருந்தது பாடத்தின் கடைசிப் பகுதி. வகுப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சராகி, இரண்டு நாள் கூட்டம் நடத்த வேண்டும். தீர்மானம் கொண்டுவருகிறவர்களுக்கு, அந்தத் தீர்மானத்தில் எவ்வளவு வெட்டுப்படாமல் கடைசித் தாளுக்குப் போகிறதோ அவ்வளவு புள்ளி. போகாவிட்டால் றோசலினுடைய ஆய்வேடும் இல்லை, கேள்வியும் இல்லை. ஒரு பட்டத்தை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் பல் வைத்தியரிடம் போக வேண்டியதுதான்.

அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் லிபியாதான். ஐ.நா. வாக்கெடுப்பில் பிரான்சும் பிரித்தானியாவும் ஒரு பக்கம் கை தூக்க, ஜெர்மனி கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்ற நேரம். ஓர்லா அதைப் பார்த்து வடக்கு ஆபிரிக்கக் கரையில் ஒரு கற்பனை நாட்டை உண்டாக்கினார். அங்கே போர். ஒரு துறைமுகப் பட்டினத்துக்குள் சனம் அடைபட்டுக் கிடக்கிறது. சாப்பாட்டுக் கப்பல்கள் உள்ளே போக முடியவில்லை. ஐரோப்பா என்ன செய்யப்போகிறது? சீட்டுக் குலுக்கியதில் றோசலினுக்கு மால்டா விழுந்தது. வரைபடத்தில் அதைத் தேடக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. தான் படிப்பித்த வருஷங்களில் ஒரு வகுப்பாவது உருப்படியாக ஒத்துப்போனதில்லை, எல்லாம் ஒரே வசனத்தில்தான் முடிந்திருக்கிறது என்று ஓர்லா சொன்னாராம்.

என்ன வசனம் என்று நான் கேட்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

அவளுடைய தீர்மானம் ஒரு பக்கம்தான். ஐரோப்பியக் கப்பல்கள் சாப்பாட்டுக் கப்பல்களுக்குத் துணையாகத் துறைமுகத்துக்குள் போக வேண்டும், திரும்பி வரும்போது காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. எழுதிவிட்டு, அதை எப்படி நிறைவேற்றுவது என்று ஒரு கிழமை புத்தகங்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டுப் பயற்றை வறுக்கத் தொடங்கினாள். எதற்கு என்று கேட்டேன். பயத்தம் உருண்டைக்கு என்றாள். யாருக்கு என்றேன். ஐரோப்பாவுக்கு என்றாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அட்டையைத் தபாலில் போட்டுவிட்டு இருந்தால் மண்டபத்தில் கதிரைகள்தான் இருக்கும். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும். இருந்து, தருவதைக் குடித்து, நாலு கதை கதைத்து, பிறகு வாயால் சொல்ல வேண்டும். ஒரு வீட்டை விட்டால் போதும். சண்டை பிடிக்கமாட்டார்கள், சத்தம் போடமாட்டார்கள், வரவும் மாட்டார்கள். எங்களுக்கு யார் வந்து சொன்னது என்று மட்டும் பத்து வருஷத்துக்குக் கேட்பார்கள். ஓம் என்று சொல்லவேண்டிய ஆட்கள் இருபத்தாறு பேர் என்றால் அது இருபத்தாறு வீட்டுக் கலியாணம்தான் என்று றோசலின் தீர்மானித்துவிட்டாள்.

பேஸ்புக்கில் ஒரு குரூப் போட்டால் அரை நிமிஷத்தில் எல்லோருக்கும் சொல்லலாமே என்று றம்யா ஆங்கிலத்தில் கேட்டாள். அப்படிச் சொன்னால் அரை நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள் என்று தாய் தமிழில் சொன்னாள். அதற்கு மேல் வழக்கு இல்லை. நான் காரை எடுத்தேன். அந்த மூன்று கிழமையும் வேலை இல்லாத பொழுதெல்லாம் நான் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்டத்தில் கார் நிறுத்த இடமே இல்லை.

ஜெர்மனி எங்கள் மெல்பேர்னின் பிரன்ஸ்விக் பக்கம் நாலைந்து சைக்கிளுக்கு நடுவே ஒரு கூட்டு வீட்டில் இருந்தது. மெலிந்த பெடியன், முழுச் சைவம். ஆயுதம் என்ற சொல் வந்தால் தான் எழும்பிவிடுவேன் என்றது. பிரான்ஸ் சவுத் யாராவில் மாடி வீட்டில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞர். கப்பல் மட்டும் போதாது, விமானமும் வேண்டும் என்று துள்ளியது. நாற்றம் பிடித்த ஒரு சீஸை வெட்டித் தந்தது. றோசலின் அதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, முதலில் சாப்பாடு போகட்டும் பிள்ளை என்று அமர்த்திவிட்டு வந்தாள். டென்மார்க் வீட்டில் கதிரையே இல்லை. நிலத்தில் இருத்திவைத்து, படை நடவடிக்கைகளில் தன் நாடு சேராது, ஆனால் குறுக்கே நிற்காது என்று நாணயமாகச் சொன்னது. பின்லாந்து மாணவர் விடுதியில் கோப்பை நூடில்சுக்குச் சுடுதண்ணீர் ஊற்றித் தந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். றோசலின் மேசைக்குக் கீழே கிள்ளினாள். தந்ததைத் தொடாமல் எழும்பினால் அந்த வீடு போச்சு.

பிரித்தானியாதான் எனக்குப் பிடித்தது. பிராங்ஸ்ரனில் இருக்கிற ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். துறைமுகத்தின் ஆழம் என்ன, எந்த அளவு கப்பல் உள்ளே போகும் என்று அவர்தான் கேட்டார். அந்தக் கரையில் ஏற்கெனவே நேட்டோவின் கப்பல்கள் நிற்குமே, அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு பந்தி வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. அதை ஐந்தாம் பந்தியாகச் சேர்த்தாள். அவள் எந்த வீட்டிலும் வாதாடவில்லை. உங்களுக்கு எது வேண்டும், எது கூடாது என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்து தாளைத் திருத்தினாள். அடுத்த வீட்டுக்குப் போகும்போது கையில் புதிய தாளும் பயத்தம் உருண்டைப் பொட்டலமும் இருந்தன.

இப்படி எல்லா வீட்டுக்கும் போனோம், ஒன்றைத் தவிர.

அது சைப்பிரஸ். வகுப்பில் றோசலினைத் தவிர இருந்த ஒரே தமிழர் சடகோபன். சென்னைக்காரர், ஒரு வங்கியில் கம்பியூட்டர் வேலை. றோசலினுக்குப் பக்கத்துக் கதிரை. வகுப்பு முடிந்து இருவரும் ஒரே ரயிலில் வருவார்கள். அவர் கிளேய்டனில் இறங்குவார், அவள் டண்டினொங் வரை வருவாள். அந்தத் தீர்மானத்தில் பாதி அந்த ரயிலில் வளர்ந்தது. நாலு இடத்தில் நல்ல யோசனை சொன்னவரே அவர்தான். சடகோபன் எங்கள் ஆள் என்று றோசலின் சொன்னாள். எங்கள் ஆளுக்குப் போய் என்ன சொல்வது என்று நானும் நினைத்தேன்.

ஆனி மாதக் குளிரில் கூட்டம் தொடங்கியது. குடும்பத்தினர் பின்வரிசையில் அதிகாரிகளாக இருக்கலாம் என்று ஓர்லா அனுமதித்தார். எனக்குக் கழுத்தில் மாட்ட மால்டா என்று ஒரு அட்டை தந்தார்கள். பண்டகசாலையிலும் எனக்கு ஒரு அட்டை உண்டு. ஆனால் இதை மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. எனக்கு இரண்டு கதிரை தள்ளி சடகோபனின் மனைவி வேதவல்லி, சைப்பிரஸ் அட்டையோடு, மடியில் ஒரு பிளாஸ்க்கோடு இருந்தார். வணக்கம் என்றேன். வணக்கம் என்றார். அவ்வளவுதான். வெளியே அடித்த குளிரைவிட அது குளிராக இருந்தது. நான் புது இடத்துக் கூச்சம் என்று நினைத்தேன்.

முதல் நாள் றோசலினுடைய நாள். அவள் எழும்பிப் பேசியது கொஞ்ச நேரம்தான். ஒரு கரையில் சனம் அடைபட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், என் தங்கையைக் கொண்டுவந்தது ஒரு கப்பல் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தீர்மானத்தை வாசித்தாள். முறைப்பாடு இல்லை, ஒரு சொல்லும் அதிகம் இல்லை. ஜெர்மனி எழும்பி ஆதரிக்கிறேன் என்றது. பிரான்ஸ் விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாலை ஆகும்போது எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடைசி வாசிப்பு. நண்பகலுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பழைய வசனம்தான் வெளியே போகும். ஓர்லா மேசையைச் சுற்றி ஒவ்வொரு நாடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஓம், ஓம், ஓம். சடகோபன் எழும்பிக் கழுத்துப் பட்டியைச் சரி செய்தார். சைப்பிரஸ் இதை ஏற்கவில்லை என்றார்.

ஐந்தாம் பந்தி என்றார். நேட்டோவில் துருக்கி இருக்கிறது. சைப்பிரஸின் வடக்கில் துருக்கிப் படை நிற்கிறது. அப்படியிருக்க, நேட்டோவோடு கைகோக்கிற ஒரு தாளுக்கு நாங்கள் எப்படிச் சம்மதிப்போம்? அவர் சொன்னதில் ஒரு குற்றம் காண முடியாது. அசல் சைப்பிரஸ் அமைச்சரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஓர்லா கூட்டத்தைத் தேநீருக்குக் கலைத்தார். பிரான்சும் கிரேக்கமும் இன்னும் நாலைந்து பேரும் சடகோபனைச் சூழ்ந்துகொண்டு நியாயம் பேசினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்து மாட்டேன் என்றார். றோசலின் கிட்டப் போய், ஏன் ரயிலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். பரவாயில்லை மேடம், நீங்க ரொம்ப பிஸி என்றார்.

அவள் என்னிடம் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. இரண்டு வருஷப் படிப்பு, அந்தக் கடிதங்கள், அந்தக் கேள்வி எல்லாம் அந்தத் தேநீர் இடைவேளையோடு முடியப்போகிறது. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, சைப்பிரஸின் மேல் படை எடுத்திருப்பேன். கூடவே ரயிலில் வந்து கழுத்தறுத்துவிட்டாரே என்று முணுமுணுத்தேன். றோசலின் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வேதவல்லியின் மடியில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தாள். பக்கத்தில் திறக்காத ஒரு இனிப்புப் பெட்டியும் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவள் திடீரென்று நெற்றியில் கையை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, சேட்டைக் காற்சட்டைக்குள்ள விடுங்கோ. தலையை வாருங்கோ."

எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"சடகோபன் வீட்டை."

அவர் வீடு கிளேய்டனில் இருக்கிறது. ஆனால் அவருடைய வீட்டுக்காரி இங்கேதான் இருந்தார். வீட்டுக்காரி இருக்கிற இடம்தானே வீடு. றோசலின் பையிலிருந்து கடைசிப் பயத்தம் உருண்டைப் பொட்டலத்தை எடுத்தாள். நாங்கள் இருவரும் ஒன்றாக நடந்துபோய் வேதவல்லிக்கு முன்னால் நின்றோம். சடகோபனும் வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். றோசலின் பொட்டலத்தை இரண்டு கையாலும் வேதவல்லியிடம் கொடுத்தாள்.

"சொந்த ஆள் எண்டு நினைச்சு உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டம். அதுதான் நான் விட்ட பிழை. சொந்த ஆளுக்குத்தான் முதல் வந்து சொல்லியிருக்கவேணும். இப்ப ரெண்டு பேருமா வந்து சொல்லுறம். நீங்கள் குடும்பமா நிண்டு இதை நடத்தித் தரவேணும்."

வேதவல்லி எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து பிளாஸ்க்கைத் திறந்தார். நுரை பொங்கின காப்பியை மூடியில் ஊற்றி முதலில் றோசலினுக்குக் கொடுத்தார். இனிப்புப் பெட்டியும் திறந்தது. மைசூர்பாகு.

"மூணு வாரமா ஒவ்வொரு சனிக்கிழமையும் பண்ணி வச்சுட்டுக் காத்துண்டிருந்தேன்," என்றார். "போலந்து வீட்டுக்குப் போயிருக்கீங்க, பின்லாந்து ஹாஸ்டலுக்குப் போயிருக்கீங்க. பக்கத்து ஸ்டேஷன்ல இருக்கற எங்களைத் தெரியல."

போலந்தாக இருந்த பிள்ளை வகுப்பில் பயத்தம் உருண்டையின் ருசியைப் பற்றி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறது. சடகோபனுக்கும் சொல்லியிருக்கிறது. அந்த மனிதர் அன்று வீட்டுக்குப் போய் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குப் புரிந்தது. அவர் மேல் இருந்த கோபம் மைசூர்பாகோடு சேர்ந்து கரைந்தது.

காப்பி முடிந்ததும் சடகோபன் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். கௌரவத்தை விட்டுக் கொடுத்தவருக்கு நாட்டை விட்டுக் கொடுக்க மனமில்லை. அதை நான் மதிக்கிறேன். ஐந்தாம் பந்தியை அடியோடு எடுக்க வேண்டும், கப்பல்கள் ஐரோப்பாவின் சொந்தக் கட்டளையில் ரோமில் இருந்து இயங்க வேண்டும் என்று அவர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். றோசலின் வாசித்தாள். இது தன்னுடையதைவிட நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னாள்.

மணி நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மூன்று கிழமை அலைச்சல் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேறு யாராவது இருந்தால் ஒரு பந்தியை எடுக்க மறுபடி ஒரு நாள் முழுக்க வாதாடியிருப்பார்கள். றோசலின் மண்டபத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். அந்தப் பந்தி பிரித்தானியாவுடையது. கடற்படைக்காரர் புருவத்தைச் சுருக்கினார், என்னைப் பார்த்தார், கப்பல் உள்ளே போனால் சரி என்றார். இத்தாலிக்கு ரோம் என்ற சொல்லைக் கேட்டதுமே வாயெல்லாம் பல். ஜெர்மனிக்கு ஒரு படைப் பெயர் குறைந்ததில் சந்தோஷம். ஒருவரும் தாளை மறுபடி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்த மனுசி சொன்னால் சரி என்ற மாதிரி தலையாட்டினார்கள்.

ஓர்லா மறுபடி சுற்றி வந்தார். டென்மார்க் தான் சேரவில்லை, தடுக்கவும் இல்லை என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சைப்பிரஸ் என்று கூப்பிட்டபோது மண்டபமே அந்தப் பக்கம் திரும்பியது. சடகோபன் எழும்பி, சைப்பிரஸ் மனமார ஆதரிக்கிறது என்றார். பின்வரிசையில் வேதவல்லி கை தட்டிவிட்டார். அதிகாரிகள் கை தட்டக்கூடாது. ஆனால் அதற்குள் மால்டாவின் அதிகாரியும் எழும்பி நின்று தட்டிக்கொண்டிருந்தான்.

ஓர்லா மரச்சுத்தியலைத் தட்டினார். பிறகு கடைசித் தாளைச் சத்தமாக வாசித்தார். அதில் எந்த மூலையிலும் கவலை இல்லை. கப்பல்கள் போகும் என்றுதான் தொடங்கியது. காயப்பட்டவர்களை ஏற்றிவரும் என்று முடிந்தது. என் பக்கத்தில் இருந்த றம்யா வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். விடுமுறை நாளில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்று காலையில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிள்ளை அவள். அது கற்பனை நாடு, கற்பனைக் கப்பல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு விம்மியது. அன்று மாலையே றோசலின் ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்து, தாளை முதலிலிருந்து கடைசிவரை தமிழில் வாசித்துக் காட்டினாள்.

புள்ளிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் முதலாவது அவள், இரண்டாவது சடகோபன். ஆய்வேட்டுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷம் முழுவதும் அவள் குசினி மேசையை ஆக்கிரமித்துக்கொண்டு, சிறிய நாடுகள் எப்படிப் பெரிய மேசையில் ஒரு வசனத்தைக் காப்பாற்றுகின்றன என்று எழுதினாள். நாங்கள் மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம். மிக உயர்ந்த தரத்தில் தேறினாள். தேவராஜா அங்கிள் பூசை முடிந்து வந்து, வானிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஓர்லா அவளைக் கூப்பிட்டார். வாரத்தில் இரண்டு மாலை அந்தப் பாடத்தின் பயிற்சி வகுப்பை இனி நீங்கள் நடத்துங்கள், கூட்டத்துக்கும் நீங்களே தலைமை தாங்குங்கள் என்றார். பகலில் பல், மாலையில் ஐரோப்பா. முதல் வகுப்புக்குப் போவதற்கு முன்னால் நானும் அவளும் கிளேய்டனுக்குப் போய் சடகோபன் தம்பதிக்கு நேரில் சொன்னோம். இதுக்கெல்லாம் நேர்ல வரணுமா என்று சடகோபன் கேட்டார். மைசூர்பாகு தட்டில் தயாராக இருந்தது.

அந்த வருஷம் யூலை பிறந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோஷியாவும் சேர்ந்துகொண்டது. நாடுகள் இருபத்தெட்டு. வகுப்பில் கடைசியாகச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளைக்கு அது விழுந்ததாக றோசலின் சொன்னாள். கூட்டத்துக்கு இன்னும் சில கிழமைகள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. நான் திறந்தேன். தங்க நிறத் தலைமயிரோடு ஒரு பெண்ணும், தாடி வைத்த ஒரு பெடியனும் நின்றார்கள். இருவரும் சப்பாத்தைக் கழற்றிப் படியோரம் ஒழுங்காக வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளையின் இரண்டு கையிலும் வீட்டில் சுட்ட பிஸ்கட் பெட்டி ஒன்று. கூட்டத்தில் தான் கொண்டுவரும் தீர்மானத்துக்குச் சொல்ல வந்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தனியாக வரக்கூடாது என்று கேள்விப்பட்டதால் நண்பனையும் கூட்டிக்கொண்டு வந்தாளாம்.

எனக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்த றோசலினின் முகத்தில் விரிந்த சிரிப்பை, மால்டாவின் வெற்றி அன்றுகூட நான் பார்த்ததில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு, என்னைக் குசினிப் பக்கம் தள்ளினாள்.

"நல்ல தேத்தண்ணியா வையுங்கோ. குரோஷியா வந்திருக்கு."